கறுப்புப் பொருக்கு

மழை விட்டு பனி இறங்குற மாசம் வந்தா எங்க திட்டக்குடிப் பக்கம் ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, மக்காச்சோளக் கதிர் ஒடிக்க ஆள் தேடி நாயா அலையறது. இன்னொண்ணு, வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சல்ல படுத்துக்கிறது. கதிர் ஒடிக்க வர வேண்டிய ஆளே காய்ச்சல்ல படுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். வருஷா வருஷம் பேப்பர்லயும் "மர்மக் காய்ச்சல்"னு போடுவாங்க. அந்த வார்த்தையைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும். பேரு தெரியாம போனதுக்கு மர்மம்னு பேரு.

கிராமத்துல காய்ச்சலுக்குப் பேரு வைக்கிறதுல பஞ்சமே கிடையாது. நடுங்கினா குளிர் காய்ச்சல், நாள் விட்டு நாள் வந்தா முறைக்காய்ச்சல், இறங்காம இழுத்தா விஷக்காய்ச்சல். வயலுக்கும் அதே வார்த்தைதான். நெல்லுக்கு எப்பவும் தண்ணி நிறுத்தி வைக்கக் கூடாது, "காய்ச்சலும் பாய்ச்சலுமா கட்டு"ன்னு எங்க தாத்தா சொல்வாரு. மண்ணு லேசா வெடிக்கிற வரைக்கும் காயணும், அப்புறம் பாயணும். பயிருக்குக் காய்ச்சல் நல்லது. மனுஷனுக்கு?

அதைத் தெரிஞ்சுக்க எனக்கு உதவுனது மாடுதான். மாட்டுக்கு மூணு நாள் காய்ச்சல்னு ஒண்ணு வரும். கொசுவும் சின்ன கடிபூச்சிகளும் பரப்புற வைரஸ். மாடு நொண்டும், படுத்தா எழுந்திரிக்காது, பாலு நின்னு போகும், பெரும்பாலும் மூணு நாள்ல தானா எழுந்து தீவனம் கேட்கும். ஒருதடவை எங்க மாட்டுக்கு அது வந்தப்ப கால்நடை டாக்டர் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டு 104-ன்னாரு. மாட்டுக்கு சாதாரணமாவே 101.5 இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரியும். நமக்கு அது காய்ச்சல், அதுக்கு அது ஆரோக்கியம். ஒவ்வொரு உடம்பும் தனக்குன்னு ஒரு அளவை வச்சிருக்கு. காய்ச்சல்ங்கிறது அந்த அளவையே உடம்பு உசத்திக்கிறதுதான்.

விருத்தாசலத்துல பீங்கான் சூளைகளைப் பாத்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். சூளையில இவ்வளவு சூடு வேணும்னு குறிச்சு வச்சிட்டா, அந்த அளவு வர்ற வரைக்கும் அது எரிஞ்சுகிட்டே இருக்கும். நம்ம மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன பாகம் இருக்கு. அதுல 37 டிகிரின்னு (பாரன்ஹீட்ல 98.6) குறிச்சு வச்சிருக்கும். கிருமி உள்ள நுழைஞ்சதும் வெள்ளணுக்கள் ரத்தத்துல சைட்டோகைன்னு சில பொருட்களை விடும். அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததும் மூளையில புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் உண்டாகி, 37-ல இருந்த குறியை 39-க்கு நகர்த்தி வச்சிடும். இப்ப உடம்பு 37-லதான் இருக்கு, ஆனா 39 வேணும்னு உத்தரவு. அதனாலதான் காய்ச்சல் ஏறும்போது குளிருது. தோலுக்குப் போற ரத்தம் குறையும், தசை நடுங்கி சூடு உண்டாக்கும், நாம கம்பளியைத் தேடுவோம். குறி கீழ இறங்கும்போது வேர்த்துக் கொட்டும். பாராசிட்டமால் செய்யறது அந்த புரோஸ்டாகிளாண்டினைக் குறைச்சு குறியை இறக்குறது மட்டும்தான். கிருமியை அது தொடாது.

இது தெரிஞ்சா இன்னொண்ணும் புரியும். கத்திரி வெயில்ல மல்லாட்டை பறிக்கிறவங்க, ரோடு போடுறவங்க உடம்பு கொதிச்சு, பேச்சு குழறி, மயங்கி விழுந்தா அது காய்ச்சல் இல்ல. அங்க குறி 37-லயேதான் இருக்கு. சூளையோட புகைபோக்கியை அடைச்ச மாதிரி சூடு வெளியேற வழியில்லாம ஏறுது. அந்த ஆளுக்கு பாராசிட்டமால் குடுத்துப் பிரயோஜனமே இல்ல. நிழல்ல போட்டு, தண்ணியை ஊத்தி, விசிறிகிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். ரெண்டும் கையில தொட்டா ஒரே சூடுதான்.

சரி, உடம்பு எதுக்கு இப்படித் தன்னையே காய்ச்சிக்கணும்? 1975-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. பாலைவன ஓணானுக்குக் கிருமியை ஏத்தி, சிலதை சூடான இடத்துலயும் சிலதை சூடு குறைஞ்ச இடத்துலயும் வச்சாங்க. சூட்டுல இருந்ததுல பெரும்பாலானது பொழச்சுது, குளிர்ச்சியில இருந்ததுல பெரும்பாலானது செத்துப்போச்சு. ஓணானுக்கு நம்ம மாதிரி உள்ளுக்குள்ள சூடு உண்டாக்கத் தெரியாது. நோவு வந்தா அதுவே வெயிலைத் தேடிப் போய் உக்காந்துக்குமாம். வேலியில ஓணான் வெயில் காயறதைப் பாக்கும்போதெல்லாம் இப்ப எனக்கு அது ஞாபகம் வருது. இதைவிட ஒரு படி மேல போனாரு வியன்னாவுல யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக்னு ஒரு டாக்டர். மூளை வரைக்கும் போன சிபிலிஸ் நோயாளிகளுக்கு 1917-ல வேணும்னே மலேரியாவை ஏத்தி, அந்தக் காய்ச்சலாலயே குணமாக்கப் பாத்தாரு. அதுக்கு 1927-ல நோபல் பரிசும் குடுத்தாங்க. சில பேரு மலேரியாவுலயே போய்ச் சேர்ந்தாங்கங்கிறது தனிக்கதை.

அதனால ஒருநாள் ரெண்டுநாள் சூட்டுக்கு நான் பயப்படுறதில்ல. எங்க அத்தை விஷயத்துல பயந்தது சூட்டைப் பாத்து இல்ல, அது இறங்காததைப் பாத்து.

அத்தைக்கு அறுபதைத் தாண்டிடுச்சு. ரெண்டு கறவை மாடு. காலையில கொல்லைக்குப் போய் வரப்பு ஓரமா உக்காந்து புல்லு அறுத்து, தலைச்சுமையா ஒரு கட்டு கொண்டாந்து போட்டுட்டுத்தான் காபியே குடிக்கும். கார்த்திகை கடைசியில ஒருநாள் தலைவலின்னு படுத்துச்சு. சாயங்காலம் காய்ச்சல். தலைன்னா சாதாரண வலி இல்ல, "நெத்தியில உலக்கையால இடிக்கிறாப்பல இருக்குடா"ன்னு சொல்லுச்சு. பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட ஊசி போட்டு மாத்திரை வாங்கினோம். மூணாம் நாளும் அப்படியே. ரத்தம் எடுத்தாங்க. டெங்கு இல்ல, மலேரியா இல்ல. வைடால் டெஸ்ட்ல டைபாய்டு மாதிரி தெரியுதுன்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்து அஞ்சு நாளைக்கு ஊசி எழுதினாங்க. விலை அதிகமான ஊசிதான். ஊசி ஏற ஏறக் காய்ச்சலும் அப்படியே நின்னுது. எட்டாம் நாள் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. பேசுறதும் தொடர்பு இல்லாம போச்சு. செத்துப்போன மாமாவுக்கு சோறு போட்டியான்னு என்னைக் கேட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரியே வண்டி வச்சு பாண்டிச்சேரிக்குப் போனோம். அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இளவயசுப் பொண்ணு ஒண்ணு, டியூட்டி டாக்டர். ரிப்போர்ட்டையெல்லாம் ஒரு புரட்டு புரட்டிட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி, "பாட்டி என்ன வேலை செய்யறாங்க?" மாட்டுக்குப் புல்லு அறுக்குறாங்கன்னு சொன்னேன். எங்களை வெளிய போகச் சொல்லிட்டு, திரையை இழுத்துவிட்டு, தலையில இருந்து கால் வரைக்கும் பாத்திருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்து என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. பாவாடை நாடா கட்டுற இடத்துல, இடுப்பு மடிப்புக்குள்ள, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுத்திலும் லேசா சிவப்பு. மிளகைவிடக் கொஞ்சம் பெருசு. வலி இல்ல, அரிப்பு இல்ல.

அந்தப் பொருக்கு அத்தைக்கு முன்னாடியே தெரியும். வண்டு கடிச்சிருக்கும்னு சுண்ணாம்பு தடவி வச்சிருந்திருக்கு. யாருகிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்லும்? அதுவரைக்கும் பாத்த டாக்டர் எல்லாரும் ஆம்பளைங்க. கைநாடி பாத்தாங்க, சேலை மேலயே ஸ்டெதஸ்கோப் வச்சாங்க, ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. அறுபது வயசுப் பொம்பளையோட இடுப்பு மடிப்பைப் பாக்கணும்னு அவங்களும் கேக்கல, காட்டணும்னு இதுக்கும் தோணல. மேல்நாட்டு மெஷின் எல்லாம் வாங்கி வைக்கிற ஊர்ல, ஒரு திரைச்சீலையும் கூட ஒரு நர்ஸம்மாவும் இருந்தா போதும்னு இருக்கு விஷயம்.

நோயோட பேரு ஸ்க்ரப் டைபஸ். நம்ம சுகாதாரத்துறை நோட்டீஸ்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுறாங்க. அந்தப் பேர்ல எனக்கு ஒரு சங்கடம் உண்டு. உண்ணின்னதும் மாட்டு மடியிலயும் நாய் காதுலயும் தொங்குற உண்ணியைத்தான் எல்லாரும் நினைச்சுக்குவாங்க. இது அது இல்ல. கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வகை. அதோட குஞ்சுப் பருவம் மட்டும்தான் கடிக்கும், அளவு ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்தப்புறம் மண்ணுல சின்னப் பூச்சி முட்டையைத் தின்னுகிட்டு யாரு வம்புக்கும் போகாது. குஞ்சு புல்லு நுனியில ஏறிக் காத்திருந்து எலி மேல ஒட்டும். எலி இல்லாத நேரத்துல நாம போய் உக்காந்தா நம்ம மேல. அது ரத்தம் குடிக்கிறதுகூட இல்ல, தோலை எச்சிலால கரைச்சு அந்த நீரை உறிஞ்சும். துணி இறுக்கமா இருக்கிற இடமாப் பாத்துப் போகும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, பொம்பளைங்களுக்கு மார்புக்குக் கீழ. எல்லாமே நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட காட்டாத இடம்.

கிருமியோட பேரு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பான் பேரு. நிகாட்டா, அகிட்டா பக்கத்து ஆத்தங்கரையில வெள்ளம் வடிஞ்ச நிலத்துல வேலை செஞ்ச விவசாயிங்க காலங்காலமா இதுல செத்திருக்காங்க. பூச்சியாலதான் வருதுன்னு அவங்களே கண்டுபிடிச்சு, அந்தப் பூச்சிக்கே சின்னச் சின்னதா கோயில் கட்டிக் கும்பிட்டிருக்காங்க. நம்ம சிவன் கோயில்கள்ல மூணு கால் வச்ச ஜுரதேவருக்கு மிளகு ரசம் படைக்கிறதைப் பாத்து வளர்ந்தவன் நான், எனக்கு அது ஒண்ணும் வேடிக்கையாத் தெரியல. ரெண்டாம் உலகப் போர்ல பர்மா காட்டுல சண்டை போட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்குல இதுல படுத்தாங்க. மருந்து கிடைச்சது 1948-ல. ஜோசப் ஸ்மேடல்னு ஒரு அமெரிக்க டாக்டரோட குழு, கோலாலம்பூர்ல குளோராம்பெனிக்காலைக் குடுத்துப் பாத்து இந்தக் காய்ச்சல் கேக்குதுன்னு காட்டினாங்க. அதே சமயத்துல ஸ்க்ரப் டைபஸ்னு நினைச்சு மருந்து குடுத்த ஒருத்தருக்கு உண்மையில டைபாய்டு இருந்திருக்கு. அவரும் பொழச்சாரு. டைபாய்டுக்கும் மருந்து அப்படித்தான் கிடைச்சுது. இங்க டைபாய்டுன்னு சொல்லிட்டு ஸ்க்ரப் டைபஸை விட்டுடறோம், அங்க அது தலைகீழா நடந்திருக்கு.

அத்தைக்கு ஏறின விலை அதிகமான ஊசி ஏன் கேக்கலைன்னு அந்த டாக்டரம்மா எனக்குச் சொன்னாங்க. பென்சிலின் வகையும், டைபாய்டுக்குப் போடுற செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரி ஊசிகளும் கிருமியோட வெளிச்சுவரைக் கட்ட விடாம கெடுத்துக் கொல்லும். இந்தக் கிருமி நம்ம ரத்தக்குழாயோட உள்பக்கத்து செல்லுக்குள்ளயே போய்க் குடியிருக்கும். அந்த ஊசிக்கு இது மசியாது. செல்லுக்குள்ள போய் வேலை செய்யற டாக்ஸிசைக்ளின்தான் இதுக்கு மருந்து. விலையோ மிட்டாய் விலை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் குடுப்பாங்க. நேரத்துக்குக் குடுத்தா பெரும்பாலும் ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கிடும். குடுக்காம விட்டா ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சு நுரையீரல், மூளை, சிறுநீரகம்னு ஒவ்வொண்ணாப் பிடிக்கும். அத்தைக்கு மூச்சு வாங்கினதும், மாமாவுக்கு சோறு கேட்டதும் அதனாலதான். மருந்தே இல்லாம விட்டா சராசரியா நூத்துல ஆறு பேரு செத்துப்போறாங்கன்னு பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்றாங்க. இடத்துக்கு இடம் இது ரொம்ப மாறும்.

அத்தைக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் ரத்தக்குழாய் வழியா சேத்துக் குடுத்தாங்க. இப்படி ரெண்டையும் சேக்கறது வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில இந்தியாவுல பல ஆஸ்பத்திரிகள் சேந்து நடத்தின ஆய்வுல வந்த முடிவு, 2023-ல வெளியாச்சு. நோய் முத்தின சுமார் 800 பேரை மூணு பிரிவாப் பிரிச்சுப் பாத்தாங்க. சாவு, ஒரு வாரத்துக்கு அப்புறமும் தீராத பாதிப்பு, அஞ்சு நாளாகியும் விடாத காய்ச்சல், இதுல ஏதாவது ஒண்ணு நேர்ந்தது, ஒரே மருந்து குடுத்தவங்கள்ல நூத்துக்கு 47, 48 பேருக்கு. ரெண்டும் சேத்துக் குடுத்தவங்கள்ல 33 பேருக்கு. உலகத்துக்கே உபயோகமான ஒரு விஷயம் வேலூர்ல இருந்து வந்திருக்கு. நம்ம டிவி விவாதத்துல இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்ட ஞாபகம் எனக்கு இல்ல.

இன்னொரு ஆய்வு 2025-ல வந்துச்சு. சி.எம்.சி.யும் லண்டன்காரங்களும் சேந்து தமிழ்நாட்டுல 37 கிராமத்துல 32,000 பேருக்கு மேல ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. வருஷத்துக்குப் பத்துல ஒருத்தர் வரைக்கும் இந்தக் கிருமி தொத்துதாம். அவங்கள்ல நிறைய பேருக்குக் காய்ச்சல்கூட வர்றதில்ல. வந்து ஆஸ்பத்திரி போறவங்கள்ல சில பேருக்குத்தான் உயிரைப் பிடிக்குது. அதாவது இது மலையில, காட்டுல எங்கயோ இருக்கிற நோவு இல்ல. என் வரப்புல இருக்கு. வீட்டுக்குப் பின்னாடி அடுக்கி வச்ச விறகுல, எலி ஓடுற சோளத்தட்டைப் போருல இருக்கு.

பத்து நாள் படுக்கையில, அதுல நாலு நாள் ஐ.சி.யு.வுல இருந்து அத்தை எழுந்துடுச்சு. தெளிஞ்சதும் அது சொன்ன முதல் குறை, அந்தப் பொருக்கைப் பாக்க டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க கும்பல் கும்பலா வந்ததைப் பத்தி. "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இத்தனை பேரு பாக்கலடா" அப்படின்னுச்சு.

எல்லாருக்கும் பொருக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. பொருக்கு இல்லாமலும் வரும். அப்ப ரத்தத்துல ஐ.ஜி.எம். எலைசா பாத்துத்தான் சொல்லணும். ஆரம்ப நாட்கள்ல அதுலயும் தப்பலாம். வைடாலை மட்டும் நம்பி டைபாய்டுன்னு முடிவு கட்டுறது சரியில்லன்னு டாக்டருங்களே சொல்றாங்க. ஏற்கெனவே பட்ட கிருமியோட தடம் நம்ம ஊருக்காரங்க ரத்தத்துல எப்பவும் இருக்கும், அதுவே பாசிட்டிவ்னு காட்டிடும். டைபாய்டுக்கு சரியான பரிசோதனை மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற பிளட் கல்ச்சர்.

சேத்துல நிக்கிறவங்களுக்கு வேற ரெண்டு காய்ச்சலும் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் புண்ணு வழியா ஏறி வர்ற எலிக்காய்ச்சல். கெண்டைக்கால் தொட முடியாம வலிக்கும், கண்ணு சிவக்கும், முத்தினா மஞ்சக்காமாலை. அந்தமான்ல பேரு தெரியாத காய்ச்சலா இருந்தது இதுதான்னு 1990-கள்லதான் தெரிஞ்சுது. இன்னொண்ணு மெலியாய்டோசிஸ். மண்ணுலயே வாழுற பாக்டீரியா, மழைக்காலத்துல சக்கரை வியாதி உள்ள விவசாயியாப் பாத்துப் பிடிக்கும். நுரையீரல்ல, கல்லீரல்ல சீழ்க்கட்டி வைக்கும். பாக்க அப்படியே டி.பி. மாதிரி இருக்கிறதால டி.பி. மாத்திரையிலயே மாசக்கணக்கா ஓடுறவங்க உண்டு. இதையும் கல்ச்சர்தான் காட்டிக் குடுக்கும். டெங்கு உங்க ஊர் விஷயம், உங்களுக்கே தெரியும். ஒண்ணு மட்டும் சொல்றேன், அதுல காய்ச்சல் இறங்குற நாள்தான் ஆபத்தான நாள். வயித்துவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வுன்னா உடனே போகணும். ஆஸ்பிரின், புரூஃபென் பக்கமே போகக் கூடாது. நிலவேம்பு குடிக்கிறவங்க குடிங்க, நானும் குடிக்கிறேன், ஆனா அதைக் குடிச்சிட்டு வீட்டுல காத்துகிட்டு இருக்காதீங்க.

மூணு வாரம் தாண்டியும் எல்லா டெஸ்டும் எடுத்தும் காரணம் பிடிபடாத காய்ச்சலுக்கு டாக்டருங்க ஒரு தனி இலக்கணமே வச்சிருக்காங்க. 1961-ல பீட்டர்ஸ்டார்ஃப், பீசன்னு ரெண்டு பேரு எழுதினது. நம்ம நாட்டுல அப்படித் தேடிக்கிட்டே போனா அடிக்கடி கடைசியில கிடைக்கிறது உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கிற டி.பி.தான். சில சமயம் புத்துநோய், சில சமயம் உடம்பே உடம்பைத் தாக்குற நோய்கள்.

இதையெல்லாம் மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் இருக்கிற உங்களுக்கு நான் ஏன் எழுதணும்னா, கடிச்சு ஆறு நாள்ல இருந்து மூணு வாரத்துக்குள்ளதான் இந்தக் காய்ச்சல் வரும். பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்க. பிள்ளைங்க வரப்புல உருளுது, கரும்புக் கொல்லைக்குள்ள ஓடுது, நீங்க மரத்தடியில வெறுந்தரையில படுத்து செல்ஃபி எடுக்கிறீங்க. காய்ச்சல் வரும்போது நீங்க வேளச்சேரியில இருப்பீங்க. அந்த டாக்டர் கொசுவைத்தான் நினைப்பாரு. அவரு கேக்கலைன்னாலும் நீங்களாச் சொல்லுங்க, எந்த ஊரு போனீங்க, எங்க உக்காந்தீங்க, எத்தனை நாளாச்சுன்னு. அதுக்கு முன்னாடி வீட்டுலயே, நல்ல வெளிச்சத்துல, தலைமுடிக்குள்ள இருந்து கால் இடுக்கு வரைக்கும் ஒருதடவை பாத்துடுங்க. குழந்தைங்கன்னா காதுக்குப் பின்னாடியும் பாருங்க. பொருக்கு இருந்தா போட்டோ எடுத்துக் காட்டுங்க. நீங்களா மெடிக்கல்ல போய் டாக்ஸிசைக்ளின் கேட்டு வாங்காதீங்க.

ஊருக்கு வர்றதை நிறுத்த வேண்டியதில்ல. முழுக்கால் சட்டை போட்டு வாங்க. உக்கார ஒரு சாக்கு போதும், எங்க வீட்டுலயே உரச்சாக்கு நிறைய கிடக்கு. துணியைச் செடி மேல காயப்போடாம கொடியில போடுங்க. கொல்லையில இருந்து வந்ததும் சோப்பு போட்டுத் தேய்ச்சுக் குளிச்சு துணியை மாத்திடுங்க. பம்புசெட்டு இருக்கவே இருக்கு, மும்முனை கரண்டு வர்ற நேரமாப் பாத்து வந்தீங்கன்னா.

அத்தை இப்பவும் புல்லு அறுக்கப் போகுது. ஒரு மாட்டை வித்துடலாம்னு நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்தோம், கேக்கல. உரச்சாக்கு மேல உக்காந்து அறுக்குது, வந்ததும் வெந்நி வச்சுக் குளிக்குது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பொண்ணு தலைவலிக்குது, காய்ச்சல்னு வந்து நின்னப்ப, அத்தை அதை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இடுப்பைப் பாத்திருக்கு. ஒண்ணும் இல்ல, சாதாரண சளிக்காய்ச்சல்தான், மூணாம் நாள் வேலைக்குப் போயிடுச்சு.